புலியும் சைக்கிளும்

மலேசியக் காடுகளில் இன்று 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தாமான் திடலுக்குப் போய்ப் பாருங்கள், அரை நாளில் அதைவிட அதிகம் எண்ணிவிடலாம். நெஞ்சில் வாயைப் பிளந்த புலி ஒன்று, முதுகில் நகக்கீறலோடு இன்னொன்று. சில குழுக்களுக்குக் கால்சட்டையிலும் ஒன்று. புலியைப் பக்கத்துத் தாமான்காரன் எடுத்துக்கொண்டிருந்தால் சிங்கம். சிங்கமும் போய்விட்டால் கருஞ்சிறுத்தை, ஓநாய், கழுகு. நம் பையன்கள் ஆடும் காற்பந்துக் குழுக்களின் ஜெர்சிகளை வரிசையாகத் தொங்கவிட்டால் தைப்பிங் மிருகக்காட்சிசாலை தோற்றுப்போகும்.

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா, இலக்கிய இதழில் இடம் வேறு கேடா என்று சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாம் போடும் கவிதைத் தொகுப்புகள் வெளியீட்டு விழா முடிந்ததும் அட்டைப்பெட்டியில் தூங்கப் போய்விடுகின்றன. ஜெர்சி அப்படியில்லை. ஒரு தமிழ் இளைஞன் தன் சொந்தக் காசைப் போட்டு, நண்பர்களோடு சண்டைபோட்டுத் தேர்ந்தெடுத்து, தன் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கத் திரியும் பனுவல் அது. மாமாக் கடையில் தேநீர் குடிக்கும்போதும், பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதும், ஆடி ஓய்ந்து இரண்டு வருடம் கழித்து அம்மா அதை வீடு துடைக்க எடுக்கும்வரைக்கும் யாராவது அதைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 'நான் யார்' என்ற கேள்விக்கு அவன் எழுத்தில் தரும் ஒரே பதில் அநேகமாக அதுதான். அந்தப் பதிலை நாம் யாரும் வாசிப்பதில்லை. விமர்சிப்பதும் இல்லை.

எனக்கு இந்த விவகாரத்தில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 'அண்ணனுக்குத் தமிழ் தெரியும்' என்ற ஒரே தகுதியில் மூன்று நான்கு குழுக்களின் புலனக் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது செய்தி வரும்: 'டிசைன் ஐடியா இருக்கா?' அடுத்த பத்து நிமிடத்தில் இருபது படங்கள் வந்து விழும். எல்லாம் இணையத்தில் கண்டெடுத்தவை. மின்விளையாட்டுக் குழுக்களுக்காக யாரோ எங்கோ வரைந்து விற்ற விலங்குத் தலைகள், ஐரோப்பிய மன்றங்களின் போன வருடத்து ஜெர்சிகள், அவற்றில் நிறத்தை மட்டும் மாற்றிய நகல்கள். ஒருவன் 'இது கெத்தா இருக்கு' என்பான். இன்னொருவன் 'இதுல கொஞ்சம் நெருப்பு போடுங்கடா' என்பான். நெருப்பு போட்டுவிடுவார்கள். 'டிசைன் முடிஞ்சிச்சி, சைஸ் சொல்லுங்க.' அவ்வளவுதான் விவாதம்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வைத்திருப்பது அச்சு இயந்திரம். ஐடியா கேட்டால் தன் கணினியில் இருக்கும் கோப்பைத் திறந்து காட்டுவார். அதில் முன்னூறு மாதிரிகள் இருக்கும், எல்லாமே உறுமும். உங்களுக்கு முன்னால் வந்த குழுவுக்கும் அதைத்தான் காட்டினார், பின்னால் வருகிறவர்களுக்கும் அதைத்தான் காட்டுவார்.

இந்தத் தொழிலில் நடந்த ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பு பட்டுத்திரை அச்சுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை, ஒவ்வொரு திரைக்கும் தனிக் காசு. அதனால் ஒரு நிறம், இரண்டு நிறம், குழுவின் பெயர், முதுகில் எண். முடிந்தது. இப்போது சப்ளிமேஷன். வடிவத்தைத் தாளில் அச்சடித்து, வெள்ளைப் பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நிறம் போட்டாலும் நூறு நிறம் போட்டாலும் ஒரே விலை. கழுத்துப்பட்டையிலிருந்து கை விளிம்புவரை ஓரங்குலம் விடாமல் வரையலாம். பணமில்லாத ஒரு தாமான் குழுவுக்கு இப்படியொரு சுதந்திரம் இதற்கு முன்னால் கிடைத்ததே இல்லை. கிடைத்த சுதந்திரத்தை வைத்து நாம் என்ன செய்தோம்? முன்பு ஒரு நிறத்தில் இருந்த புலியை இப்போது நூறு நிறத்தில் போடுகிறோம்.

'அண்ணே, புலி தேசியச் சின்னம்தானே, அதுல என்ன தப்பு?' என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. தேசியக் காற்பந்துக் குழுவுக்கே ஹரிமாவ் மலாயா என்றுதான் பெயர், மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட ஜெர்சி அவர்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் நம் பையன்களின் நெஞ்சில் இருப்பது மலாயாப் புலி இல்லை. அது எந்தக் காட்டிலும் பிறக்காத புலி. அதே தலையைப் பிரேசிலில் ஒரு பள்ளிக் குழுவும் போலந்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடமும் போட்டுக்கொண்டிருக்கலாம். எந்த ஊருக்கும் பொருந்தும் படம் உங்கள் ஊரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பார்க்கிறவன் தெரிந்துகொள்வது ஒன்றே ஒன்றுதான்: இவர்கள் பயமுறுத்தப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. இந்த நாட்டில் தமிழ் இளைஞனை ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள். குற்றச் செய்தியில் வரும் முகம், பேரங்காடியில் காவலாளி பின்தொடரும் முகம், வாடகைக்கு வீடு கேட்டால் 'இப்பதான் ஆள் வந்துட்டாங்க' என்ற பதிலைக் கேட்கும் முகம். அந்தப் படத்தை மறுப்பதற்குக் கையில் ஒரு துணி கிடைக்கிறது. அதில் நாமே பல்லையும் நகத்தையும் வரைந்து, கீழே ரத்தம் சொட்ட விட்டுப் போட்டுக்கொள்கிறோம். அவன் சொன்னதை நாம் கையெழுத்துப் போட்டு உறுதிசெய்கிறோம்.

படத்தோடும் நிற்பதில்லை, எண்ணுக்கும் போகிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று அவற்றில் பல எண்களாலேயே அறியப்பட்டவை. அதன் பிறகும் ஜெர்சிக்கு எண் கேட்டால் பதினெட்டு வயதுப் பையன் யோசிக்காமல் 36 என்பான். 'ஏன்டா, உனக்கு முப்பத்தாறு வயசா?' என்றேன். சிரித்தான். அவன் எந்தக் கும்பலிலும் இல்லை, பகுதிநேரமாகப் பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறவன். சும்மா ஒரு கெத்துக்கு. ஆனால் சாலைத்தடுப்பில் நிற்கும் போலீஸ்காரருக்கு 'சும்மா' என்ற சொல்லை யார் மொழிபெயர்ப்பது? ஒரு சட்டை ஒருவனைக் குண்டனாக்கிவிடாது. அவனைக் குண்டன் என்று நினைக்கத் தயாராக இருப்பவனுக்கு வேலையை மிச்சப்படுத்தித் தரும்.

விலங்கு அலுத்தவர்கள் அரசர்களிடம் போகிறார்கள். இப்போது சோழன் காலம். வாளேந்திய இராஜேந்திரன், கப்பல், புலிக்கொடி, 'கடாரம் கொண்டான்'. கெடாவில் ஒரு குழு இதைப் போட்டுக்கொண்டு ஆடியதை நான் பார்த்தேன். ஏறத்தாழ 1025-இல் சோழர் கடற்படை வந்து தாக்கிய கடாரம்தான் இன்றைய கெடா. தான் பிறந்து, படித்து, வரி கட்டி வாழும் ஊரைத் தானே படையெடுத்து வென்றதாக ஒருவன் நெஞ்சில் எழுதிக்கொள்கிறான். அதைப் பார்க்கும் மலாய்க்கார நண்பன் என்ன நினைப்பான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் தாத்தா போர்க்கப்பலிலா வந்தார்? நாகப்பட்டினத்தில் ஏறி, ரஜூலா போன்ற கப்பலின் மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்துக்கொண்டு பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பெரும்பாலோர். அந்தக் கப்பலை ஏன் ஒருவனும் வரைவதில்லை?

சோழனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'ஆண்ட பரம்பரை' என்று முதுகில் எழுதிய மறுநாளே, ஆண்டது எந்தப் பரம்பரை என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பதில் வைத்திருக்கும் சாதிச் சங்கங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. கார் கண்ணாடி ஒட்டிகளிலும் திருவிழாப் பனியன்களிலும் அந்தப் பதிலை நான் படித்திருக்கிறேன். பதினோரு பேர் ஒன்றாக ஆட வேண்டிய குழுவில் அதற்கு இடம் கொடுத்தால் பிறகு பந்து யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் நம் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெர்சி என்றால் ஒரே தீர்வு: 'தமிழ்ல போடுங்க.' சரி, என்ன போடுவது? 'தமிழ் வாழ்க.' பள்ளி விளையாட்டுப் போட்டியென்றால் சிவப்புக்கு வள்ளுவர், நீலத்துக்குக் கம்பர், பச்சைக்குப் பாரதி. ஆண்டுதோறும் பிள்ளைகள் அந்தப் பெயர்களை முதுகில் சுமந்துகொண்டு கோணிப்பை ஓட்டம் ஓடுகிறார்கள். பெயருக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டதால் யாரும் கேட்பதில்லை. எனக்கு வள்ளுவர்மேல் கோபமில்லை. ஆனால் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எம். இராஜாமணி தாப்பாவைச் சேர்ந்தவர். அதே போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வாங்கியவர் மணி ஜெகதீசன். அந்த ஆண்டுதான் தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முறையாகக் கொடுக்கப்பட்டன. வாங்கியவர்கள் இந்த இருவர். ஓடுகிற பிள்ளையின் முதுகில் ஓடியவர் பெயர் இருக்கலாகாதா?

பெண்கள் குழு என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே புலி, ரோஸ் நிறத்தில்.

அப்படியே தமிழில் போட்டாலும் அது தமிழாக வந்து சேர்வதில்லை. 'கொ' என்று தட்டினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது, கால் காணாமல் போகிறது. புள்ளி பக்கத்து எழுத்துக்குக் குடிபெயர்கிறது, நடுவில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கிறது. கேட்டால் கடைக்காரர் 'தமிழ் ஃபான்ட் இப்படித்தான் பாஸ் வரும்' என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறோம். சீன எழுத்தில் ஒரு கோடு தப்பினால் அந்த ஜெர்சி கடையைவிட்டு வெளியே வருமா? ஜாவியில் ஒரு புள்ளி இடம் மாறினால் விடுவார்களா?

காரணம் எளிமையானது. யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதைத் தொடரும் ஓர் ஒகரக் குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்காவிட்டால் அது அந்த வேலையைச் செய்யாது. இயக்கத் தெரியவில்லையா, கைப்பேசியிலோ வேறொரு நிரலிலோ சரியாகத் தட்டி, பிடிஎஃப் கோப்பாக்கிக் கொடுத்தால் போதும். பத்து நிமிட வேலை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் 'தமிழ் ஜெர்சி வரைந்து கொடு' என்று கேட்கிறார்கள். அது தமிழ் மாதிரியே நெளியும் எழுத்துகளை வாரித் தருகிறது. எந்த மொழியுமில்லை அது. அதையும் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஒரு குழு வந்து நின்றது. படித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் எனக்குத் தாங்க முடியாத கேலி ஒன்று உண்டு. 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கியவர் முத்து நெடுமாறன். ஆப்பிள் கருவிகளில் உள்ள 'இணைமதி' உள்ளிட்ட தமிழ் எழுத்துருக்களை வரைந்தவரும் அவரே. மலேசியர். உலகமெங்கும் தமிழர்கள் ஐபோனில் படிக்கும் எழுத்து, நம் ஊர்க்காரர் கை வைத்த எழுத்து. அந்த ஐபோனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் 'தமிழ் ஃபான்ட் வராது பாஸ்' என்பதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம்.

சரி, விலங்கு வேண்டாம், அரசன் வேண்டாம், 'தமிழ் வாழ்க'வும் வேண்டாம் என்றால் என்னதான் போடுவது? ஐடியா எங்கிருந்து வரும்?

1994 உலகக் கிண்ணத்தைப் பார்த்தவர்கள் மெக்சிகோவின் கோல்காவலர் ஹோர்ஹே காம்போஸை மறந்திருக்க மாட்டார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று முக்கோணங்கள் மோதிக்கொள்ளும் ஜெர்சிகள். அவற்றை வடிவமைத்தவர் அவரேதான். அக்காபுல்கோ கடற்கரையில் வளர்ந்தவர், அலைச்சறுக்கு ஆடுகிறவர். அந்தக் கடற்கரையின் நிறங்களைத் திடலுக்குக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது, பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டது. அவர் ஐடியா தேடி எங்கும் போகவில்லை. வளர்ந்த இடத்தை நினைத்துப் பார்த்தார்.

நமக்கும் ஒரு கோல்காவலர் இருந்தார். ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டது. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவில் ஆடியவர். மலேசியா புறக்கணித்ததால் அந்த ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் போனவர்களில் ஒருவர். 1988-இல் கார் விபத்தில் இறந்தார். 2016-இல் 'ஓலா போலா' படம் வந்தபோது அதன் கோல்காவலர் முத்துவைப் பார்த்துத் திரையரங்கில் கைதட்டினோம். அத்தோடு சரி. கோல்காவலர் சட்டையின் இரண்டு கைகளிலும் தோளிலிருந்து விரல்வரை நீளும் ஒரே ஒரு கோடு போதும், அது ஆறுமுகத்தின் கை. முகம் அச்சடிக்கத் தேவையில்லை. 'இது என்னண்ணே கோடு?' என்று ஒரு சின்னப் பையன் கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும். புலிக்கு அப்படியொரு கதை இருக்கிறதா?

இன்னும் ஒன்று சொல்கிறேன். என் கண்ணில் இந்த நாட்டின் தமிழ் விளையாட்டுச் சட்டைக்கு இதைவிடப் பெரிய சின்னம் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். இறங்க மாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள், உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்று. மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். ஒரு சைக்கிளுக்காக.

கிள்ளான் பக்கம் ஆடும் குழுக்களின் ஜெர்சிகளை நான் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். புலி பார்த்திருக்கிறேன், டிராகன்கூடப் பார்த்திருக்கிறேன். சைக்கிளை ஒரு சட்டையிலும் பார்த்ததில்லை. வீரம் வேண்டும், கெத்து வேண்டும் என்கிறீர்களே தம்பிகளா, துப்பாக்கிக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காதவனைவிட எந்தப் புலி பெரியது? இரண்டு வட்டம், ஒரு சட்டகம், கைப்பிடி. ஒரே நிறத்தில் போடலாம். பழைய பட்டுத்திரை அச்சுக்கே போதும்.

கிள்ளானுக்குச் சைக்கிள் என்றால் செந்தூலுக்கு இரயில் பட்டறை. பத்து ஆராங்குக்குக் கரிச்சுரங்கத்தின் கறுப்பு, அதன்மேல் செங்கல் நிறம். கேமரன் மலைக்குத் தேயிலைச் சரிவின் வளைகோடுகள். பால்மரக் காட்டிலிருந்து வந்தவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, மரத்தில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரியும் அந்த வெட்டுக்கோடு. உலகப் புகழ் நிறுவனங்கள் பணம் கொடுத்து வரையச் சொல்லும் சாய்கோட்டை நம் பாட்டிமார்கள் விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் வரைந்தார்கள், உளி தவறாமல். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினார் ஜி. சரவணன். 50 என்ற எண் கேட்க ஒருவனும் இல்லை, 36 கேட்க வரிசை நிற்கிறது.

எண் என்றதும் இன்னொன்று. எட்டுக்குத் தமிழ் எண் ௮, பார்த்தால் அகரம் மாதிரியே இருக்கும். ஏழு ௭, எகரம் மாதிரி. பத்துக்கு ௰. நடுவர் படிக்க வேண்டும் என்பதால் முதுகில் பெரிதாக வழக்கமான எண்தான் இருக்க வேண்டும். ஆனால் கழுத்துக்குப் பின்னால், தையலுக்குக் கீழே, கட்டைவிரல் அளவில் ஒரு ௮ இருந்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? தமிழைச் சட்டையில் வைப்பது என்றால் நெஞ்சு முழுக்கக் கத்துவதுதான் என்று யார் சொன்னது?

ஒரே ஒரு குழு நான் சொன்னதைக் கேட்டது. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, பாதிப் பேருக்கு அக்கறையே இல்லை. புலனக் குழுவில் 'உங்க தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்?' என்று கேட்டேன். பதினான்கு பேரில் ஆறு பேருக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வந்தார்கள். நான்கு பேரின் குடும்பம் ஒரே தோட்டத்திலிருந்து வந்திருந்தது, அதுவரைக்கும் அவர்களுக்கே அது தெரியாது. செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புப் பகுதியாகி, இன்று பேர்கூட மிஞ்சாத தோட்டம். கரும்பச்சைச் சட்டை, நெஞ்சின் குறுக்கே ஒரு வெள்ளைச் சாய்கோடு, அதன் கீழ் முனையில் மங்கு போல ஓர் அரைவட்டம். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிர்க்குழுவோடு வந்திருந்த ஒரு பெரியவர் கோல்காவலரைக் கூப்பிட்டு நிறுத்தி, 'ஏம்ப்பா, இது பால்வெட்டுதானே?' என்று கேட்டார். பிறகு அவர் அரைமணி நேரம் பேசினார். பிரட்டு, வெளிக்காட்டு வேலை, மழைநாளில் வேலையும் இல்லை கூலியும் இல்லை என்பதெல்லாம். பையன்கள் நின்று கேட்டார்கள். பத்து வருட மரபுடைமை மாநாடுகளில் இப்படியொரு வகுப்பு நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். 'அண்ணே, அந்தக் கஷ்டத்திலேர்ந்து வெளிய வரத்தான் எங்கப்பா உசுரக் குடுத்து உழைச்சாரு. அதையே திரும்ப நெஞ்சில மாட்டிக்கச் சொல்றீங்களா? எங்களுக்குக் கூலி முத்திரை வேணாம்.' கேட்டவன் கோபமாகத்தான் கேட்டான், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தைப் பொன்னுலகமாக்கி ஏங்கும் எழுத்து நம்மிடம் நிறையவே சேர்ந்துவிட்டது. லயத்துக்கூரையில் ஒழுகிய மழையில் கவிதை கண்டவர்கள் பலர் அதன் கீழே படுத்ததில்லை. அந்த ஏக்கத்தை அவன் சட்டையில் ஒட்டச் சொன்னால் நானும் எதிர்ப்பேன்.

ஆனால் தம்பி, வெட்கப்பட வேண்டியவர் யார்? குறைந்த கூலிக்கு வேலை வாங்கியவனா, அந்தக் கூலியில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவளா? வெட்கத்தை நீ ஏன் சுமக்கிறாய்? பால்மரத்தை மறைத்துக்கொண்டு நீ போட்டிருக்கும் புலி, வேறெதுவும் சொல்ல இல்லாதவன் எழுப்பும் சத்தம். எல்லாரையும் பயமுறுத்தத் துடிக்கும் அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது, 'உங்கப்பா என்ன வேலை?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். அந்தக் கேள்விக்குச் சட்டையிலேயே பதில் எழுதிக்கொண்டு போகிறவனை அதற்குமேல் யார் என்ன கேட்டுவிட முடியும்?

கடைசியாக, இந்த இதழைப் படிக்கும் உங்களிடம். குழுக்காரர்களை ஏசிவிட்டு உங்களை விட்டுவிடுவது நியாயமில்லை. நாவலில் நிலம் வேண்டும், கவிதையில் படிமம் புதிதாக வேண்டும், தேய்வழக்கு கூடாது என்று இரவு இரண்டு மணிவரை முகநூலில் சண்டை போடுகிறோம். நம் தெருவில் பதினான்கு பையன்கள் தேய்வழக்கைக் காசு கொடுத்து வாங்கி உடுத்திக்கொண்டு போகிறார்கள், நாம் உதட்டைப் பிதுக்குவதோடு சரி. கிள்ளான் சைக்கிளைப் பற்றி நமக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறோம், அடிக்கோடுகூட இட்டிருக்கிறோம். அந்தப் பையனுக்குத் தெரியாது. அவனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

உங்கள் தாமானிலும் ஒரு குழு இருக்கும். அதன் புலனக் குழுவில் உங்கள் தம்பியோ ஒன்றுவிட்ட அண்ணனோ இருப்பான். அடுத்த போட்டிக்கு முன்னால் அங்கே யாராவது 'டிசைன் ஐடியா இருக்கா?' என்று கேட்பார்கள். முதல் புலி வந்து விழுவதற்கு எப்படியும் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் கேட்டுவிடுங்கள், 'உங்க தாத்தா பாட்டி எந்த ஊர், என்ன வேலை பார்த்தாங்க?' என்று. பிறகு எழுத்துப்பிழை திருத்திக் கொடுங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று அச்சுக்குப் போகும் முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். ஜெர்சி முதுகிலும் தமிழ்தான் இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் நம் தொகுப்புகளைப் படிக்கிறவர்களைவிட அதிகம்.